நாற்பத்தொன்றில் ஒருத்தி

பிள்ளைகள் இல்லம் நடத்துகிறவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு: கண்ணில் படுகிற தலைகளையெல்லாம் எண்ணுவது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் எண்ணுவேன். ஒடுகத்தூர் பஸ்ஸில் ஏறினாலும் எண்ணுவேன். ஒருமுறை கண்டக்டர் என்னை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து மரியாதையாக ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். ஹாஸ்டல் வார்டன்களே, பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்த் தூக்கம் கெட்ட டீச்சர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைமேல் நானும் சபைப் போதகரான என் வீட்டுக்காரரும் அப்படி ஓர் இல்லம் நடத்தினோம். தாயோ தகப்பனோ இல்லாத பிள்ளைகள், பெற்றவர்கள் காப்பித் தோட்டத்துக்குப் பிழைக்கப் போய்விட்ட பிள்ளைகள், எல்லாமாக நாற்பத்தொரு பேர். எல்லோரும் எங்களை அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் ஒருத்தி எங்கள் சொந்த மகள் லில்லி. தினமும் மூன்று வேளை தலை எண்ணி, ஒன்றுகூடக் குறையாமல் காத்த நான், அவளை மட்டும் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே தொலைக்கப் பார்த்தேன். அதைச் சொல்வதற்குத்தான் இத்தனை பீடிகையும்.

ரவைக்கு வந்த தீர்ப்பு

வெளிநாட்டிலிருந்து தானமாக வரும் கோதுமை ரவைதான் எங்கள் அடுப்பைக் காப்பாற்றியது. காலையில் உப்புமா, மதியம் அதற்குச் சோறு என்று பெயர், ராத்திரி கஞ்சி. ஒரே ரவையை மூன்று பெயரில் பரிமாறுகிற வித்தையில் எங்கள் எஸ்தரக்காவை மிஞ்ச ஆளில்லை. சமையலும் அவர்தான், வார்டனும் அவர்தான்.

மனைவியை இழந்த கோவிந்தன் என்ற மலை விவசாயி, தன் மகள் பூங்காவனத்தை எங்களிடம் சேர்க்க வந்தார். பிள்ளை என்ன சாப்பிடப் போகிறது என்று பார்க்காமல் விட்டுப் போகமாட்டேன் என்று பந்தியில் உட்கார்ந்துவிட்டார். நாலு வாய் பொறுமையாக மென்றார். தண்ணீர் குடித்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "நோவு வந்தவங்களுக்கு ஊத்தற கஞ்சிய இன்னாத்துக்கும்மா இப்பிடி கெட்டியாக்கி வச்சிக்கீறீங்க? மனுசன் துன்றதுக்கு நான் சாமை கொண்ணாந்து தர்றேன்."

யார் மூக்கு?

என் வீட்டுக்காரர் பிரசங்கத்தில் விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார், ஒரு சட்டத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். நம் பிள்ளை, ஊரார் பிள்ளை என்ற பேதம் இல்லத்தில் கூடாது. லில்லிக்கு ஐந்து வயதானதுமே அவளும் பெண்பிள்ளைகள் ஹாலில் படுத்தாள். அதே அலுமினியத் தட்டு. ஒரே துணிக்கட்டில் வெட்டிய அதே நீலக் கவுன். பதினேழாம் நம்பர் போட்ட தகரப் பெட்டி. நானும் தலையாட்டினேன். வெளியில் இருந்து வருகிறவர்கள் மெச்சும்போது எனக்கும் உள்ளுக்குள் குளிராமல் இல்லை.

ஒருமுறை மலைக்குக் கீழேயுள்ள ஊர்ச் சபையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். இதில் உங்கள் சொந்தப் பிள்ளை யார் என்று கேட்டார். நீங்களே கண்டுபிடியுங்கள் என்று இவர் பெருமையாகச் சொன்னார். அந்த அம்மாள் வரிசையை மேலும் கீழும் பார்த்து, பூங்காவனத்தின் கன்னத்தைக் கிள்ளி, அப்படியே தாயின் மூக்கு என்று பூரித்து, ஒரு பிஸ்கட் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டார். இவர் அதைத் திருத்தவே இல்லை, அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் நின்ற லில்லியும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். சிரித்ததால் நான் அதை அத்தோடு விட்டுவிட்டேன். பூங்காவனம் மட்டும் பிறகு என்னிடம் வந்து சந்தேகம் கேட்டாள்: "மூக்கு உங்குளுதாவே இருக்கட்டும்மா. பிஸ்கோத்து என்னுதுதான?"

அப்பா இல்லை, யாரோ

மே மாத லீவுக்குப் பிள்ளைகளை வீட்டார் வந்து அழைத்துப் போவார்கள். இதற்கும் ஒரு சட்டம் இருந்தது, இது நல்ல சட்டம். எஸ்தரக்கா கேட்டருகே லீவு நோட்டோடு உட்கார்ந்திருப்பார். வந்தவர் ஊரையும் உறவையும் சொல்லி, கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அது மட்டும் போதாது. பிள்ளையைக் கூப்பிட்டு இது யார் என்று கேட்பார். பிள்ளை வாயால் உறவைச் சொன்னால்தான் கேட் திறக்கும்.

அந்த வருஷம் கோவிந்தன் விடியற்காலையில் கிளம்பி, மூன்று மேடு ஏறி இறங்கி வந்திருந்தார். பூங்காவனம் அவர் கையைப் பார்த்தாள். கை வெறுமையாக இருந்தது. கொண்டுவருவதாகச் சொன்ன பலாப்பழம் எங்கே? எஸ்தரக்கா கேட்டதற்கு, இது யாரோ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எவ்வளவோ சமாதானம் சொன்னேன். எஸ்தரக்கா நோட்டை மூடிவிட்டார். கோவிந்தனுக்குக் கோபமே வரவில்லை. தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பினார். "பாப்பா சொல்றது நாயந்தாங்க. பழத்தோட வந்து அப்பால அப்பாவா ஆயிக்கறேன்."

மறுநாளே இரண்டு பழங்களோடு வந்தார். ஒன்று எங்களுக்கு.

பதினேழாம் நம்பர் பெட்டி

இரண்டு நாளில் இல்லம் காலியாகிவிட்டது. யாருமே இல்லாத மூன்று பிள்ளைகளைக்கூட மற்றவர்களின் வீட்டார் தங்களோடு அழைத்துப் போய்விட்டார்கள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக எண்ணுவதற்குத் தலை ஒன்றும் இல்லை என்று மத்தியானம் பாயில் காலை நீட்டினேன். எஸ்தரக்கா வாசலில் வந்து நின்று, எண்ணி முடித்தாயிற்றா என்று கேட்டார். கேட்டருகே இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்றார்.

போய்ப் பார்த்தேன். லில்லி தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கவுன். கோணல்மாணலாகத் தானே பின்னிய ஜடை. கண் கீழே பாதையில் இருந்தது. என்ன செய்கிறாய் என்றேன். என்னைக் கூட்டிப் போக யாராவது வருவார்கள் அல்லவா, அதற்குத்தான் என்றாள். அழவில்லை, குறை சொல்லவில்லை, தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு முதலில் சட்டம் போட்ட மனிதர்மேல் கோபம் வந்தது, பிறகு தலையாட்டிய என்மேல். பின்னாலேயே வந்த அந்த மனிதரோ, பெட்டிமேல் எழுதியிருந்த பதினேழைக் குனிந்து பார்த்தார்.

அவளை அள்ளிக்கொள்ளப் போனேன். எஸ்தரக்கா குறுக்கே கையை நீட்டி, நோட்டு ஒன்று இருக்கிறது, முறையாக வாருங்கள் என்றார். அவர் சொன்னதே சரி. பின்வழியாக வெளியேறி, வேலியைச் சுற்றி, பாதையில் ஏறி வந்தோம். இவர் கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். கோவிந்தனின் பலாப்பழத்தை மூச்சு வாங்கச் சுமந்து வந்தார். எஸ்தரக்கா கொஞ்சமும் சிரிக்காமல் நோட்டைத் திறந்து ஊரையும் உறவையும் கேட்டார். உறவு என்ற இடத்தில் இவர் அப்பா, அம்மா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அக்கா லில்லியிடம், இவங்கள்லாம் உனக்கு யார் என்று கேட்டார்.

லில்லி எங்களைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள். பிள்ளை வாயால் சொன்னால்தானே கேட் திறக்கும். அவள் யாரோ என்று சொல்லியிருந்தாலும் நியாயம்தான். அவள் பெட்டியிலிருந்து இறங்கி, கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள்: "பள்ளிக்கூடம் இருக்கறப்ப எல்லாருக்கும் அப்பா அம்மா. லீவுல எனக்கு மட்டும் அப்பா அம்மா."

ஆண்டவர் கிருபையில் எங்கள் இல்லத்திலிருந்து லீவுக்கு மிகக் குறைந்த தூரம், அதாவது கேட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு முப்பதே அடி, போன பிள்ளை என் மகள்தான். கூட்டிப் போக மிகத் தாமதமாக வந்து சேர்ந்த பெற்றோரும் நாங்கள்தான்.