சுட்ட பாறையின் வாடை

இன்று மாலை நாலு பத்துக்கு மகனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, சுட்ட பாறையில் தண்ணீர் ஊற்றிய வாடை அடித்தது. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டுக்கு மேலே, பின்னாளில் மண்சரிவு மூடிய அப்பா தங்கம் தேடித் தோண்டிய சுரங்கத்தின் வாடை அது. வெடிமருந்து வாங்க வழியில்லாத அப்பா, அம்மா அடுப்புக்குக் காயவைத்த தேயிலைச் செடியின் குச்சிகளை, மிலாறுகளை, உள்ளே பாறையோரம் அடுக்கிக் கொளுத்துவார், பாறை காய்ந்ததும் தண்ணீரை வீசுவார், அது படீரென்று பிளக்கும், புகை அடங்கும்வரை வெளியே இருமிக்கொண்டு காத்திருப்பார். அன்றெல்லாம் விறகில்லாமல் எங்களுக்குச் சோறு வேகாது. ஒருநாள் அவசரப்பட்டுப் புகைக்குள் நுழைந்தவரைக் காலைப் பிடித்துத்தான் வெளியே இழுத்தோம், மூச்சில்லை.

இதை மகனுக்கு ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. ஆறு மணிக்கு வந்தான், முகமெல்லாம் கரி.

"கத்தாதீங்கம்மா, நான் தாத்தா மாதிரி இல்ல. தோண்டுற எடத்துல பழைய ஃபேன் ஒன்னு வச்சிருக்கேன்," என்றான். "வெறகுதான் பத்தல. அடுப்படியில இருக்கா?"