கஞ்சி போட்ட கம்பளம்

ஐந்தாவது வரை படித்தவன் பத்திரிகைக்கு எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஜவுளிக் கடையின் ரத்தினக் கம்பளத்தில் தவிடு தூவும்போதெல்லாம் முதலாளியம்மாவின் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துவிடுகிறேன். வாடிக்கைக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். காரணத்தையாவது சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. முதலாளி சேலத்தில் கடை திறந்த அன்று, கட்டடத்துக்குச் சொந்தக்காரரான வக்கீல் தம் வீட்டுக் கம்பளத்தை இரவல் தந்திருந்தார். வாடகைப் பத்திரத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கம்பளம் நல்லபடியாகத் திரும்பி வரட்டும், போடுகிறேன் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முதலாளிக்குப் பிடிக்கவில்லை. அன்று பார்த்து மழைத் தூறல். வந்தவர்கள் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் செம்மண் காலோடு கம்பளத்தில் நடந்தார்கள். சாயங்காலம் பார்த்தால் பூவேலை மறைந்து, பனமரத்துப்பட்டி ஏரிக்கரை மாதிரி இருந்தது.

நனைத்தால் சாயம் இறங்கும். அந்த மழையில் காயவும் செய்யாது. வக்கீல் வீட்டுச் சமையல்காரர் வழி சொல்லி அனுப்பினார். தவிட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசிறி, கம்பளத்தில் தூவித் தேய்த்தால் அழுக்கைத் தவிடு வாங்கிக்கொள்ளும், உலர்ந்ததும் தட்டிவிடலாம் என்றார். முதலாளியம்மா ராசிபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். அவருக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை.

“வெறுந் தண்ணியிலயா? பாவு நூலுக்கே கஞ்சி போடற ஊடு நம்முளுது. வக்கீலூட்டுச் சாமானுக்குத் தண்ணி தெளிச்சா நல்லாவாங்க இருக்கும்?”

முதலாளிக்கும் அது நியாயமாகவே பட்டது. சோற்றுக் கஞ்சியில் பிசிறிய தவிட்டை மூவரும் தேய்த்தோம். மரியாதைக்காக முதலாளியம்மா கஞ்சியைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார்.

காலையில் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். கம்பளம் கதவு மாதிரி எழுந்து நின்றது. சுவரில் சாய்த்துக் கையை எடுத்தேன், அப்போதும் நின்றது.

“வெறைப்பு நல்லாத்தானுங்க ஏறியிருக்குது,” என்றார் அம்மா.

“வெறைச்சு நிக்கறது நானு! மத்தியானம் வக்கீல் வாராரு. இதை எப்படிச் சுருட்டறது?” என்றார் முதலாளி.

“எதுக்குங்க சுருட்டோணும்? இப்படியே சாத்தி வச்சுக் குடுத்தரலாம்.”

அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த, பாவு நூலுக்குக் கஞ்சி தேய்க்கும் பிரஷ்ஷால் அடித்து அடித்துக் கஞ்சியைப் பொடியாக்கினோம். விறைப்பு போயிற்று. ஆனால் கம்பள மயிருக்குள் புகுந்த தவிடு மட்டும் வரவில்லை. அம்மா யோசித்தார், பக்கத்து வீட்டுக் கோழிகளை இரவல் வாங்கிவந்தார். சீய்க்காதபடி கால்களைக் கட்டிக் கம்பளத்தின்மேல் உட்கார வைத்தார். அவை இருந்த இடத்திலிருந்தே சுற்றிலும் கொத்தின. ஓரிடம் முடிந்தால் அம்மா தூக்கி அடுத்த இடத்தில் வைப்பார். எச்சம் கம்பளத்தில் விழாமல் பிடிக்க முதலாளி முறத்தோடு பின்னாலேயே நகர்ந்தார்.

“இந்தப் பக்கம் பாருப்பா! எம் பொழப்பே இப்பக் கோழிக்குப் பொறத்தால நிக்குது,” என்று என்னை அதட்டினார். நல்லவேளை, எல்லாம் முறத்தில்தான் விழுந்தது.

மத்தியானம் வக்கீல் வந்தார். கம்பளத்தைத் தடவினார், முகர்ந்தார். “நம்ம வீட்டுல இருந்தப்பகூட இப்படிப் பளிச்சுன்னு இல்லையே. என்ன போட்டீங்க?”

“தவிடுதானுங்க,” என்றார் அம்மா. கொல்லையில் ஒரு கோழி கொக்கரித்தது. வக்கீல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது முதலாளியும் இல்லை, அம்மாவும் இல்லை. கடைக்குச் சொந்தக் கம்பளம் இருக்கிறது. தவிட்டில் வெறுந் தண்ணீர்தான் தெளிக்கிறேன், கோழிக்கு வேலையில்லை. ஆனாலும் தட்டி முடித்ததும் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பேன். துவண்டு விழும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: வக்கீல் கையெழுத்துப் போட்ட மறுநாள் அவர் வீட்டிலிருந்து மேலும் இரண்டு அழுக்குக் கம்பளங்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கின.