அறுபத்து நாலு பேருக்கும் இந்தி

என் தம்பி பகலவன் பத்தாவது வரை படித்தவன். எங்கள் வீட்டில் அதுவே அதிகம். வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவன். வள்ளூரில், அனல் மின் நிலையத்தை ஒட்டிய ஒரு கட்டுமான வேலையில் மூன்று வருடம் வருகைப் பதிவேடு எழுதினான். அவன் எழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். ஓர் அடித்தல் இருக்காது. அந்தப் பதிவேட்டில் அவன் செய்த பிழையையும், போன ஆகஸ்ட் பதினான்காம் தேதி அவன் பட்ட பாட்டையும் அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, நேரம் பிசகாமல் எழுதுகிறேன்.

அங்கே வெளியூர் ஆட்கள் அறுபத்து நாலு பேர். எல்லோரும் ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்துப் பழங்குடிகள். பதிவேட்டில் 'மொழி' என்று ஒரு கட்டம் உண்டு. இவனுக்கு முன் எழுதியவர் எல்லோருக்கும் 'இந்தி' என்று போட்டிருந்தார். இவனும் அப்படியே போட்டான். காலையில் மேஸ்திரி பாதுகாப்பு விதிகளை இந்தியில் படித்துவிட்டு, "புரிந்ததா?" என்பார். அறுபத்து நாலு பேரும் ஆமாம் என்பதற்கு "ஹா" என்பார்கள். எது கேட்டாலும் "ஹா"தான். இல்லை என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜெண்ட் சொல்லிக் கூட்டி வந்திருந்தான்.

அவர்களுக்குள் எத்தனை பேச்சு இருக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் தெரியும். தகரக் குடியிருப்புக்குப் பின்னால், சாம்பல் படிந்த திடலில் பந்து ஆடுவார்கள். பகலவனும் போவான். புத்வா திர்க்கி என்றொருவன் குருக் மொழிக்காரன். அந்த மொழி தமிழுக்கு உறவு. அவர்களுக்கும் கண் கண்தான்; 'நீ' என்பதற்கு 'நீன்' என்பார்கள்.

"இன்னா புத்வா, நீ நம்ம சொந்தக்காரன்டா. வூட்டுக்கு வா, பொண்ணு பாத்து வெக்கிறேன்" என்பான் பகலவன்.

"பொண்ணு வேணாம் அண்ணா, பிரியாணி போதும்."

அணி பிரிக்கும்போது அவர்கள் ஊர் பார்ப்பதில்லை, பேச்சுதான் பார்ப்பார்கள். பந்தைக் கொடு என்று கத்தினால் தன்னோடு ஆடுகிறவனுக்குப் புரிய வேண்டுமே. இதையெல்லாம் பார்த்தும் பகலவன் பதிவேட்டைத் திருத்தவில்லை. "அது ஆட்டம், இது ஆபீஸுன்னு இருந்துட்டேன்க்கா" என்றான் என்னிடம்.

பதினான்காம் தேதி மாலை நாலே முக்காலுக்கு ஒரு பெண் கேட்டுக்கு ஓடி வந்தாள். பெயர் சுக்மதி. சோனாராம் சிங்கு என்ற பெயிண்டரின் மனைவி, ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான். மூச்சு விடாமல் பேசினாள். கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். காவலாளி பக்தவச்சலத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"புருஷன் குட்ச்சிட்டு அட்ச்சிருப்பான். இவங்களோட டெய்லி பேஜாரு" என்றார் அவர்.

"அடி வாங்குன மூஞ்சியா மாமு இது? பயந்துகினு கீதுபா" என்றான் பகலவன்.

தனக்குத் தெரிந்த இந்தியில் அவளிடம் கேட்டான். "சோனாராம் வெளியே வந்தானா?"

"ஹா."

"வரவில்லையா?"

"ஹா."

பதிவேட்டில் சோனாராம் நாலு மணிக்கு வெளியேறியதாக இருந்தது. டேங்குக்குள்ளிருந்து எல்லோரும் ஏறி வந்தாச்சா என்று மேஸ்திரி கேட்டார், பெயிண்டர்கள் "ஹா" என்றார்கள், இவன் எழுதிக்கொண்டான். யாரும் தலை எண்ணவில்லை.

ஜார்க்கண்ட் ஆள் பேச்சு ஜார்க்கண்ட் ஆளுக்குப் புரியும் என்று நினைத்து, கன்வேயர் பக்கம் வேலையிலிருந்த புத்வாவைத் தேடி ஓடினான். அழைத்து வர இருபது நிமிடம் ஆனது. புத்வா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, இவங்க பேசறது ஹோ. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"டேய், ரெண்டு பேரும் ஜார்க்கண்ட்தானடா!"

"ஜார்க்கண்ட் ஒரே வீடா அண்ணா? எங்க பேச்சு வேற, இவங்க பேச்சு ரொம்ப வேற."

சுக்மதி தரையில் உட்கார்ந்து மண்ணை அடித்தாள். அப்போதுதான் பகலவனுக்கு ஞாயிற்றுக்கிழமை அணிகள் ஞாபகம் வந்தன. சோனாராம் எந்தப் பக்கம் ஆடுவான்? கோலில் நிற்கும் சாமுவேல் முண்டு பக்கம். ஹோ ஆட்களும் முண்டாரி ஆட்களும் எப்போதும் ஒரே அணி. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும். சாமுவேல் வேறொரு கம்பெனியில், கான்கிரீட் கலக்கும் இடத்தில் இருந்தான். பகலவன் பைக்கை எடுத்தான்.

திரும்பி வரும்போது ஐந்து இருபத்தைந்து. சாமுவேல் இரண்டு வாக்கியம் கேட்டான். மொழிபெயர்க்கவே இல்லை, "டேங்க்!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

துரு சுரண்டும் தகட்டை டேங்குக்குள் விட்டுவிட்டேன், சாயங்காலம் எல்லோரும் ஏறிய பிறகு எடுத்து வருகிறேன் என்று மத்தியானச் சாப்பாட்டில் சோனாராம் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். நாலு மணிக்கு டேங்கின் மேல்மூடியைப் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள். எட்டு போல்ட். கழற்றி, அவனை வெளியே தூக்கும்போது ஐந்து நாற்பது. பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாடையில் தூக்கியவர்களுக்கே தலை சுற்றியது. சோனாராம் ஏணியின் அடியில் கிடந்தான். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் திருவொற்றியூரைத் தாண்டும்போது அதுவும் நின்றது. நாடி பார்த்துக்கொண்டிருந்தவன் என் தம்பிதான்.

டேங்கின் வெளியே, கீழே கைப்பிடிக் கம்பிக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் தண்டையார்பேட்டை வசீம். ஐந்து மணி வரை அங்கேதான் இருந்தார். "உள்ளேர்ந்து தட்டுற சத்தம் வந்துச்சு தோஸ்து. நீட்டி நீட்டி ஏதோ சொன்னான். பாட்டு பாடிகினே துரு சுரண்டுறான்னு நெனச்சேன். அவங்க பாடுவாங்கல்ல?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். இறந்தவரை அவர் தாய்மொழியிலேயே எச்சரித்தோம், பதிவேட்டைக் காண்க என்று அதில் இருந்தது. பகலவன் கையெழுத்துப் போடவில்லை. சாமுவேலையும் புத்வாவையும் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போனான். அறுபத்து நாலு 'இந்தி'யையும் அடித்தான். சந்தாலி பத்தொன்பது, குருக் பதினான்கு, ஹோ பதினொன்று, முண்டாரி எட்டு, குயி ஏழு, சவரா ஐந்து. இந்தி ஒன்றுகூட இல்லை. சோனாராமின் வரியிலும் 'ஹோ' என்று எழுதித் தேதி போட்டான். மேனேஜர் பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டார். வேலை போயிற்று. எனக்குத் தெரிந்து என் தம்பி அடித்து எழுதிய பக்கங்கள் அவைதான்.

சுக்மதி ஊருக்குப் போகிற அன்று சென்ட்ரலுக்கு வசீமை அழைத்து வரச் சொன்னாள். என் புருஷன் டேங்குக்குள்ளிருந்து என்ன சொன்னார் என்று இவருக்குத் தெரியுமாம், கேள் என்று சாமுவேலிடம் சொன்னாள்.

வசீம் கண்ணை மூடிக்கொண்டு முயன்றார். நீட்டி ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. அவள் காதை அவர் வாயருகே கொண்டு போனாள். மறுபடி என்று விரலால் காட்டினாள். மூன்று முறை.

"வார்த்தை ஒண்ணும் நிக்கலமா. சத்தந்தான் கீது" என்றார் வசீம்.

சாமுவேல் மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். வேண்டாம் என்று அவள் கையசைத்தாள். புரிந்ததா என்று யாரும் கேட்காமலே, "ஹா" என்றாள்.