சம்பந்தியும் மெக்கானிக்கும்

சுரண்டை மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் எடை போட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் செல்வி போன் செய்தாள். "யம்மா, மாமா போயிட்டாவ" என்றாள். மாமா என்றது அவளுடைய மாமனாரை. எங்கள் சம்பந்தி, இலத்தூர் வேலாயுதம் அண்ணாச்சி. சில மாதமாகப் படுக்கையில்தான் இருந்தார். எதிர்பார்த்ததுதான். என் மகன் முருகன் மூட்டைகளை இறக்கிப் போட்டான். அந்த பிக்கப் வண்டியிலேயே இலத்தூருக்குப் போனோம். அந்த வண்டி ஓடுவதே அவரால்தான். இலத்தூரில் அவரைப் பட்டாளத்துக்காரர் என்றும், எங்கள் மேலகரம் வண்டி ஸ்டாண்டில் மிலிட்டரி மாமா என்றும் அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

செல்வியைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் உள்ளே வந்து பஜ்ஜிக்கு உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பாவை மட்டும் காணோம். வாசலுக்கு வந்து பார்த்தால் எங்கள் பழைய பிக்கப்பின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி நகை எவ்வளவு என்பதல்ல. "இந்த ஹீட்டர் வயரை வெட்டுன புண்ணியவான் யாரு?" என்று கேட்டார்.

"வேர்த்து வடியுத ஊர்ல ஹீட்டர் எதுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"வண்டி வேர்க்குத ஊர்லயே நிக்கணும்னு ஜாதகத்துல எழுதியிருக்கா?" என்றார். உள்ளே என் நாத்தனார் சிரித்த சிரிப்பில்தான் அந்தச் சம்பந்தம் முடிவானது என்று இன்றும் சொல்வேன்.

அவர் கேட்டதில் விஷயம் இருந்தது; பட்டாளத்தில் பனிமலையில் லாரிகளைப் பழுது பார்த்தவர். பழைய டீசல் வண்டி குளிரில் கிளம்ப, என்ஜினுக்குள் போகிற காற்றைச் சூடாக்கும் ஒரு ஹீட்டர் உண்டு. அதற்குக் கரண்ட் விடுவது ரிலே என்கிற சின்ன டப்பா. எங்கள் வண்டிக்கு ரெண்டு ரிலே. அது பழசானால் உள்ளே ஒட்டிக்கொள்ளும். சாவியை எடுத்த பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். நம் பக்கத்தில் அதற்கு ஒரே வைத்தியம், வயரை வெட்டிவிடுவது. வெட்டினாலும் தென்காசியில் வண்டி கிளம்பும். குற்றாலத்துச் சாரலிலும் கிளம்பும். அதனால் வெட்டியது தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு காய்கறி வியாபாரத்தை நானும் முருகனும்தான் பார்க்கிறோம். சீசனில் குற்றாலத்து லாட்ஜுகளுக்குப் போடுவோம். சீசன் முடிந்தால் வியாபாரம் படுத்துவிடும். அப்போதுதான் மூணாறில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் சிலர் எலுமிச்சை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் கேட்டார்கள். முதல் நாளே மலையேறி, வண்டியிலேயே படுத்து, விடிந்ததும் கடை கடையாகச் சரக்கு இறக்க வேண்டும். மார்கழி வந்தது. விடியற்காலையில் வண்டி இருமியது, வெள்ளைப் புகை விட்டது, கிளம்பவில்லை. வெயில் ஏறிய பிறகு முருகன் சரக்கைக் கொண்டுபோனபோது, கடைக்காரர்கள் வேறு வண்டியில் வாங்கி முடித்திருந்தார்கள். அடுத்த தடவையும் அப்படியே. "இன்னொரு தடவை லேட்டுன்னா வராதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூணாறு வியாபாரம் கைவிட்டுப் போனால் சீசன் இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

அண்ணாச்சி கேள்விப்பட்டு, "ரெண்டு ரிலேயும் நானே வந்து மாத்தித் தாரேன்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவர்கள் நாங்கள். மாப்பிள்ளையின் அப்பா வந்தால் நாற்காலி போட்டு, இலை போட்டு, மரியாதை செய்து அனுப்ப வேண்டும். அவரை பானெட்டுக்குள் தலையை விடச் சொல்லி, கை முழுக்கக் கரியோடு தெருவில் நிறுத்தினால் மேலகரம் என்ன சொல்லும்? "ஒங்களுக்கு எதுக்கு சிரமம், ஒர்க்‌ஷாப்ல பாத்துக்கிடுதோம்" என்றேன். ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய ரிலேயை மட்டும் மாட்டி அனுப்பினார்கள். மலைக்குப் போகுமுன்னே வயர் சூடாகிக் கருகிய வாடை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி எங்கள் வாசலில் வந்து நின்றார். காக்கிச் சட்டை, கைலி, கையில் மஞ்சப் பை. நான் பதறிப்போய் வெள்ளி டம்ளரைத் தேடினேன்.

"தங்கச்சி, அலையாதீங்க. சம்பந்தி நாளைக்கு வருவாரு, அவருக்கு வடை போடுங்க. இது மெக்கானிக்கு. இவனுக்குக் கொல்லையில பழையது கொடுத்தாப் போதும்" என்றார்.

பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றினார். "இதை மொதல்ல கழத்தணும், கடைசில மாட்டணும். மறந்தா ஸ்பேனர் தீபாவளி கொண்டாடும்." பெரிய வயர்கள் மாறிவிடாமலிருக்க என் தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூல் வாங்கி அடையாளம் கட்டினார். வயர் முனையில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பை உப்புத்தாளால் தேய்த்தார். நான் டார்ச் பிடித்தேன். ஒரு ரிலே இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் மாற்ற வேண்டும் என்று முருகன் கேட்டான். "ரெண்டும் ஒரே நாள் பொறந்ததுடே. ஒண்ணு போனா இன்னொண்ணு ரொம்ப நாள் இருக்காது" என்றார். வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம், பின்னாலேயே இன்னொன்று. டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து முருகனை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கொல்லைக் குழாயடியில் குந்தவைத்து நிஜமாகவே பழையதும் மோர்மிளகாயும் சாப்பிட்டுப் போனார்.

அடுத்த நாள் வெள்ளை வேட்டி, விபூதி, கையில் பழப் பையோடு வந்தார். நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நேத்து இங்கன ஒரு மெக்கானிக் வந்தானாமே, வேலை ஒழுங்கா செஞ்சானா?" என்று கேட்டார்.

"வேலை நல்லாத்தான் செஞ்சான் அண்ணாச்சி. வாய்தான் கூடுதல்" என்றேன்.

அந்த வாரம் மூணாறில் மற்ற வண்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது எங்கள் வண்டி கிளம்பியது. அந்தக் கடைகளுக்கு இன்றும் எங்கள் சரக்குதான்.

அவரைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் அவருக்கே பிடிக்காது. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் பந்தியிலேயே சொல்லிவிடுவார். பட்டாளத்துக் குளிரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஒரே லாரி ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இன்னும் ஆழமான பனியில் புதைந்திருக்கும்.

போன மார்கழியில் அவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது ஒரு ரிலே மறுபடி போனது. போனில் சொன்னேன். "நீங்களே மாத்துங்க தங்கச்சி" என்றார். நானா என்றேன். "டார்ச் பிடிச்சது யாரு? வெளிச்சம் மட்டுமா காட்டுனீங்க, பாக்கலையா?" என்றார். முருகன் போனை என் காதருகே பிடித்துக்கொள்ள, அவர் இழுத்து இழுத்து மூச்சு வாங்கிச் சொல்லச் சொல்ல, இரண்டையும் மாற்றினேன். நடுவில் ஸ்பேனர் வழுக்கி விரல் கிழிந்ததை அவரிடம் சொல்லவில்லை. வண்டி உறுமியது போனிலேயே அவருக்குக் கேட்டுவிட்டது. "சரி, வச்சிருதேன்" என்றார். அவ்வளவுதான். என்னோடு அவர் பேசிய கடைசிப் பேச்சும் அதுதான்.

இப்போது மலைக்குப் போகிற மற்ற பிக்கப்காரர்களும் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, "ஆச்சி, கொஞ்சம் பாருங்க" என்கிறார்கள். பதினாறாம் நாளுக்கு முந்தின சாயங்காலமும் ஒருவர் வந்தார். பார்த்துக் கொடுத்தேன். மறுநாள் இலத்தூரில் முருகன் மாப்பிள்ளைக்குப் புது வேட்டி துண்டு கொடுத்து முறை செய்தான். பந்தியில் என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "சம்பந்தியம்மா, கையில என்னது?" என்று மெதுவாகக் கேட்டாள். முன்பானால் முந்தானைக்குள் மறைத்திருப்பேன்.

"வண்டி வேலை பாத்தேன். சீயக்காய் போட்டும் போகல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்தேன். அண்ணாச்சி எனக்கு விட்டுப் போனது அந்தக் கைதான்.