எர்மெக்கின் பங்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், என் சமையலறையில், போன ஜூன் பதினேழாம் தேதி. ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

குளிர்காலத்துக்குக் குதிரை அறுப்பது எங்கள் கசாக் வீடுகளில் வழக்கம். டிசம்பரில் அறுத்தோம். கறியைப் பாக்கெட் போட்டு, பெயர் எழுதி, பெரிய ஃப்ரீசர் பெட்டியில் அடுக்கினேன். வெளியே போயிருப்பவருக்கும் அவர் பங்கை எடுத்துவைக்க வேண்டும். அதைச் சிபாகா என்போம். மந்தையோடு மேய்ச்சலுக்குப் போயிருந்த என் கணவர் எர்மெக்குக்கு இடுப்பெலும்புக் கறி. அந்த வாரமே பனிப்புயல் அடித்தது. குதிரைகள் திரும்பின. அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"பங்கு பெட்டியில இருக்குற வரைக்கும் என் பிள்ளை உசுரோட இருக்கான்," என்றார் மாமியார். "அதை மட்டும் கெட்டுப்போக விட்ட... நீயே அவனுக்குக் குழி வெட்டுன மாதிரி!"

அன்றிலிருந்து அந்தப் பெட்டிதான் என் உயிர். கறி தீரத் தீர, காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை வைத்து நிரப்பினேன். நிறைந்த பெட்டிதான் குளிரைப் பிடித்துவைக்கும். வாரத்துக்கு ஒரு முறைதான் திறப்பேன். எது எங்கே இருக்கிறது என்று மூடியிலேயே எழுதி ஒட்டியிருந்தேன். திறந்து வைத்துக்கொண்டு தேடக் கூடாதே!

"அண்ணனைக்கூட இப்படிப் பாத்துக்கிட்டது இல்லையே அண்ணி!" என்று கொழுந்தன் ஓல்ஜாஸ் கிண்டல் செய்வான். எனக்குச் சிரிப்பு வராது.

ஜூன் பதினைந்தில் சூறைக்காற்று வீசி மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளியே முப்பத்தெட்டு டிகிரி. திறக்காமல் இருந்தால் பெட்டி இரண்டு நாள் தாங்கும். கம்பளி விரிப்புகளைப் போட்டு மூடினேன். மின்சாரம் வரும் வேகத்தில் பெட்டி கெட்டுவிடக் கூடாதென்று பிளக்கைப் பிடுங்கி வைத்தேன்.

இரண்டு நாள் முடிந்துவிட்டது. மாமியார் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஓல்ஜாஸ் ஜெனரேட்டர் தேடி நகரத்துக்குப் போயிருந்தான். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆண்டவனே, இன்னும் ஒரு ராத்திரி... ஒரே ஒரு ராத்திரி தாங்கட்டும்...

மதியம் 3.05.

ம்ம்ம்ம்ம்... பெட்டி ஓட ஆரம்பித்தது.

துள்ளி எழுந்து சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரியவில்லை. கீழே பார்த்தேன். பிளக் தரையில் கிடந்தது.

3.20. விரிப்பைத் தூக்கினேன். மூடியின் வெளிப்பக்கம் முழுக்க வெண்பனி. அந்த வெயிலில்! தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது. தோல் உரிந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது... எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எப்படி உறைந்தால் என்ன, கறி பிழைத்ததே!

3.50.

டொக். டொக். டொக்.

பெட்டிக்குள்ளிருந்து.

பாட்டில் வெடிக்கிறது என்று நினைத்தேன்.

டொக். டொக். டொக்...

"மக்பால்..."

அவர் குரல்.

"மக்பால்... திற. குளிருதுடி..."

மூடி விரலளவு எழும்பியது.

நான் அதன்மேல் விழுந்தேன். திறந்தால் கறி கெடும். கறி கெட்டால் அவர் செத்துப்போவார். தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது.

"திறக்க மாட்டேன்! நீங்க உசுரோட வரணும்! திறக்க மாட்டேன்!"

"முடியலடி... திற..."

உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினேன்.

டொக். டொக்.

டொக்...

நின்றுவிட்டது.

மணி 4.12.

ஆறு மணிக்கு மின்சாரம் வந்தது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே கறியும் பாட்டில்களும்தான். அவர் பங்கு கல் மாதிரி உறைந்திருந்தது. மார்போடு அணைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு ஓல்ஜாஸ் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அண்ணி... அண்ணன் கிடைச்சுட்டார்."

அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், புல்வெளியில் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய சரக்கு ரயில் பெட்டி. புயலுக்கு அதில் ஒதுங்கியிருக்கிறார். காற்றில் வெளித்தாழ்ப்பாள் விழுந்திருக்கும் என்கிறார்கள். இரும்பு கொதிக்கும் அந்த வெயிலிலும் உடம்பெல்லாம் வெண்பனியாம். டாக்டர் குழம்பிப்போனார். ஆறு மாதத்துக்கு முன் காணாமல் போனவர். ஆனால் இறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை என்றார்.

கதவைத் திறந்தவர் ஓர் ஆட்டுக்காரர். ஒரு வாரம் கழித்து நானே அவரைத் தேடிப் போனேன்.

"உள்ள தட்டுற சத்தம் கேட்டுச்சும்மா," என்றார். "ஓடிப்போய்த் தாழ்ப்பாளை எடுத்துட்டேன். கதவு வரல. எவ்வளவு இழுத்தும் வரல. யாரோ வெளியிலிருந்து மேல விழுந்து அழுத்துற மாதிரி இருந்துச்சு. சுத்திப் பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. ஆனா..."

அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு ஓர் அடி பின்னால் போனார்.

"ஆனா, என் காதுக்குப் பக்கத்துல ஒரு பொம்பள அழுதுக்கிட்டே கத்துனா. 'திறக்க மாட்டேன், திறக்க மாட்டேன்'னு... உங்க குரல்தாம்மா."