காற்று நுழையும் வாய்

திருச்சி ரயிலில் எதிரே அமர்ந்திருந்தவர் வெளிநாட்டில் பந்தய விமானங்களுக்கு எஞ்சின் பார்ப்பவர். திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், முன்கையில் வெந்த தழும்பு. ஜன்னல் கம்பியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். எங்கே சொரசொரப்பு என்று தேடுவது தொழில் பழக்கமாம்.

கைபேசியை அடிக்கடி பார்த்ததால், "ஏதும் பிரச்சினையா?" என்றேன்.

"இப்ப அங்க பந்தயம் நடக்குதுங்க. எஞ்சினைக் குளுத்துற காத்து நுழையற வாயைச் சின்னதாக்கிட்டு வந்திருக்கேன். எதிர்காத்து இழுக்கறது குறையும், வேகம் கூடும்."

"நல்லதுதானே?"

"எஞ்சின் கொதிச்சு வானத்துல நின்னுட்டா? தாங்கும்னு நான்தாங்க சொன்னேன். என்னை நம்பி ஒரு பொண்ணு ஓட்டுது."

கும்பகோணம் தாண்டியதும் கைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை, என்னிடம் நீட்டினார். எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு பெண் ஆங்கிலத்தில் சிரித்துப் பேசினாள்.

"விமானம் ஓட்டுற பொண்ணுதாங்க, ஜெயிச்சுட்டாங்களாம்!" என்றேன்.

அவர் வாங்கி, "சூடு எவ்வளவு ஏறிச்சு?" என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். பதிலைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க?"

"சூடு தாங்கிடுச்சாம். அடுத்த பந்தயத்துக்கு அந்த வாயை இன்னும் சின்னதாக்கச் சொல்லுதுங்க."

வெற்றிச் செய்தி கேட்டு அப்படி வெளிறிய முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.