அடக்கம் என்ற சொல்

ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குற்றம் உருளைக்கிழங்கின் மேல் இல்லை. நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில், தலைமை நர்ஸ் ஹில்டா காலையில் வார்டின் நடுவில் நின்று கிழவிகளைப் பார்த்து, "வாஸர் லாஸன்?" என்று உரக்கக் கேட்பாள். தண்ணீர் விட்டாயா என்று அர்த்தம். அவர்களும் எத்தனை தடவை, என்ன நிறம் என்று காபி குடித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். சீ, இதுகளுக்கு வெட்கமே கிடையாதா என்று குமட்டும். ஊரிலிருக்கும் அக்கா தங்கைகளே, இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. ஆனால் வேறொன்றை நினைத்து.

அறுபதுகளில் என் அக்கா பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு ஆரோக்கியம் என்று பெயர். வைத்த பெயரைப் பாருங்கள். ஆண் வாத்தியார்களுக்குப் பின்பக்கச் சுவர் இருந்தது. அந்த நாற்றம் மூன்றாம் வகுப்புவரை வரும். பெண்களுக்கு எதுவும் இல்லை. அதனால் அக்கா காலையில் காபிகூடத் தொடமாட்டாள். விடியுமுன் ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவை சோளக்காட்டுக்குப் போவதோடு சரி. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா பெருமையாகச் சொன்னாள்: "எம் பொண்ணு வூட்ட வுட்டுப் போனா திரும்பி வர்ற வரைக்கும் ஒண்ணுக்கே போவாதுங்க. அத்தன அடக்கம்." த்தூ! இதெல்லாம் ஒரு பெருமையா?

மாதம் தவறாமல் அக்காவுக்கு நீர் கடுக்கும். சூடு என்று சொல்லி, கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிவிடுவாள் அம்மா. ஒரு தடவை குளிர்ஜுரம் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். டாக்டர் சரியாகத்தான் கேட்டார்: "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதாம்மா?"

பக்கத்தில் அப்பா நின்றார். "இல்லீங்க," என்றாள் அக்கா. விரலில் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. ஜுரத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் அக்காவுக்காக மாதா கோயில் மணி அடித்தது. "சாயந்திரம் நாலு மணிக்கு அடக்கம்," என்றார் உபதேசியார். அந்தச் சொல்லைக் கேட்டாலே அன்றிலிருந்து எனக்கு அருவருப்பு.

அப்படிப்பட்ட நானே இங்கே வந்து என்ன செய்தேன்? வேலை நேரத்தில் போகணும் என்று கேட்க வெட்கப்பட்டு அடக்கினேன். எரிச்சல் வந்ததும், அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய டப்பியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவிக்கொண்டேன். ஹில்டா விரலைப் பார்த்துவிட்டு நகச்சொத்தை என்று களிம்பு கொடுத்தாள். தெரிந்த இரண்டு சொற்களை ஒட்டவைத்து, "வாஸர் ப்ரென்ட்," என்றேன். தண்ணீர் எரிகிறது.

"தண்ணீர் எப்படிப் பெண்ணே எரியும்?" என்று அவள் சிரித்தாள். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. அடிவயிற்றில் கை வைத்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. பரிசோதனை, மாத்திரை, கூடவே திட்டு: தண்ணீர் குடி, அடக்காதே, முன்னிருந்து பின்னாகத் துடை. ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. ஒரே வாரம்! குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எழுபதுகளின் நடுவில் லீவில் போனேன். சேலத்துக்கு வந்து அழைத்துப்போனாள் அம்மா. தொப்பூரில் பஸ் நின்றதும் ஆண்கள் இறங்கி ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். பெண்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். மூத்திர வாடை ஜன்னல் வழியே ஏறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். அம்மாவின் பெருவிரலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு.

"அம்மா, ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?"

"மெல்லப் பேசுடி. ஆம்பளைங்க இருக்காங்க."

எழுந்து எல்லோர் காதிலும் விழும்படி கண்டக்டரிடம் சொன்னேன்: "வண்டிய எடுக்காதீங்க. எங்கம்மா ஒண்ணுக்குப் போவணும்."

பாறை மறைவில் அம்மாவை உட்காரவைத்து, என் முந்தானையை விரித்துப் பிடித்தேன். லாரிக்காரன் ஒருவன் ஹார்ன் அடித்துவிட்டுப் போனான். வெகுநேரம் சத்தமே இல்லை. "வர மாட்டேங்குதுடி," என்று அம்மா அழுதாள். என் வாயில் முதலில் வந்தது லாஸன். அப்புறம்தான் தமிழ் வந்தது.

"உடும்மா," என்றேன்.